மேகலா லைனில் இருந்தாள்

மேகலா இப்போது அடுப்படியில் அவள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். ரசத்தில் உப்பை இரண்டாவது தடவை போட்டது யார் என்பது வழக்கு. இரண்டு குரலும் தெருமுனை வரைக்கும் கேட்கும். போன ஆடியில் இந்த வீட்டில் இந்தச் சத்தம் இல்லை. அதனால் இந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து அந்த ஆஸ்பத்திரி நாட்களை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்கப்பா. ஆனா நா அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க. நீங்க அழுதீங்கன்னு வேணும்னா எழுதிக்கங்க" என்றாள். நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். அது இன்னும் இறங்கவில்லை. இறங்கிய பிறகு எழுதலாம் என்று இருந்தால் எழுதவே முடியாது.

நான் படித்தது அஞ்சாங் கிளாஸ். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் லிஃப்ட் ஓட்டுகிறேன். எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் நடுவில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கு இந்த வேலை சௌகரியம். "மேல போகுது", "கீழ போகுது", "பட்டு மூணாவது மாடி" இவ்வளவு சொன்னால் ஒரு நாள் முடிந்துவிடும். மற்றதெல்லாம் வீட்டில் சரோஜா பேசிக்கொள்வாள். சரோஜா என் மனைவி. மேகலா எங்களுக்கு ஒரே பெண். அடையாறு பக்கம் ஒரு காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாஸுக்கும் போவாள்.

முதலில் தூக்கம் போனது. பிறகு சாப்பாடு. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. கேட்டால் "தோணல" என்பாள். பஸ் ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு நின்றுவிடும்போல் இருக்கிறது என்று சொல்லி, லஸ் கார்னரிலேயே இறங்கித் திரும்பி நடந்து வந்துவிடுவாள். ஒரு நாள் காலேஜ் வாசலில் விழுந்துவிட்டாள். கூடப் படிக்கிற பெண்கள் சோடா வாங்கி முகத்தில் அடித்து, ஆட்டோவில் போட்டு, பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தார்கள். நான் யூனிஃபார்மோடு ஓடினேன்.

அது பெரிய ஆஸ்பத்திரியும் இல்லை, சின்னதும் இல்லை. பெண்கள் வார்டு மூன்றாவது மாடியில். ஆண்கள் அதற்குள்ளே பார்வை நேரத்தில் மட்டும்தான் போகலாம். மற்ற நேரமெல்லாம் லிஃப்டுக்கு எதிரே இருந்த பெஞ்சுதான் எனக்கு வீடு. அந்த லிஃப்டுக்கு ஆள் கிடையாது. அவரவரே அமுக்கிக்கொள்ள வேண்டும். வயதானவர்கள் பொத்தானைப் பார்த்து விழிப்பார்கள். எனக்குப் பொறுக்காது, எழுந்து போய் அமுக்கிவிடுவேன். காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு என்னை அங்கே வேலை செய்கிறவன் என்றே நினைத்துக்கொண்டார்கள். "ரெண்டுப்பா" என்பார்கள். நானும் கூடவே போய் இரண்டில் இறக்கிவிட்டு வருவேன். கை சும்மா இல்லாமல் இருந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

சோதனைகள் ஆரம்பமாயின. ஒவ்வொன்றுக்கும் முதலில் கீழே ஜன்னலில் பணம் கட்டிவிட்டு வர வேண்டும். முதலில் ஈ.சி.ஜி. மார்பிலும் கை கால்களிலும் கிளிப்பு மாட்டி, இதயம் அடிப்பதைக் காகிதத்தில் கோடாக இழுக்கிற மெஷின் அது. வலிக்காது. பிறகு எக்கோ. நெஞ்சில் பசை தடவி, ஒரு கட்டையை வைத்துத் தேய்த்தால், உள்ளே இதயம் மூடித் திறப்பது டி.வி.யில் தெரிகிறது. பிறகு ரத்தம். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது கூடினாலும் நெஞ்சு படபடக்கும், குறைந்தாலும் உடம்பு சோர்ந்துபோகுமாம். பிறகு தலையில் பசை ஒட்டி வயர் வயராக மாட்டி, மூளையின் கோட்டையும் எடுத்தார்கள். அந்தப் பசை முடியில் காய்ந்து போய்விட்டது. சரோஜா வெந்நீரில் துண்டை நனைத்து நனைத்து ஒவ்வொரு முடியாகத் துடைத்து எடுத்தாள். திட்டிக்கொண்டேதான் எடுத்தாள். மெஷினைத் திட்டினாள், காலேஜைத் திட்டினாள், எண்ணெய் வைக்காத தலையைத் திட்டினாள். கை மட்டும் பூத்தொடுக்கிற மாதிரி வேலை செய்தது.

ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வரும்போது டாக்டர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையைச் சொல்வார்.

"ஒண்ணுமில்ல."

முதல் தடவை நாங்கள் சாமி கும்பிட்டோம். இதயத்தில் ஒன்றுமில்லை என்றால் எவ்வளவு பெரிய விஷயம். இரண்டாவது தடவை சரோஜா பக்கத்துப் படுக்கைக்குச் சாக்லேட் கொடுத்தாள். மூன்றாவது தடவைதான் நான் மேகலாவின் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் பார்க்கவில்லை. அவர் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னபோது அவள் முகம், பரீட்சையில் காப்பி அடித்துப் பிடிபட்டவள் முகம்போல் ஆயிற்று. நெஞ்சு அடைக்கிறது என்றாள், அடைக்கவில்லை என்று காகிதம் சொல்கிறது. அப்படியென்றால் யார் பொய் சொல்வது?

அதற்குப் பிறகு வார்டே மாறிப்போனது. "எல்லாம் நார்மலா இருக்குதே, எழுந்து நடமாடலாம் இல்ல?" என்றாள் ஒரு நர்ஸ். பார்க்க வந்த எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரம்மா, பரீட்சைக்குப் பயந்துகொண்டு பிள்ளைகள் இப்படித்தான் செய்யும் என்று மேகலாவின் காதுபடவே சொன்னார். ஒருத்தர் வேப்பிலை அடிக்கிறவரின் விலாசம் கொடுத்தார். கடையில் சூப்பர்வைசர், ஆடித் தள்ளுபடி நேரத்தில் லீவா என்று முறைத்தார். பெண்ணுக்கு என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், காய்ச்சல்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் மேரியக்கா. பாலவாக்கத்தில் மீன் விற்கிறவர். சர்க்கரை வியாதியில் கால் புண் ஆறாமல் படுத்திருந்தார். அவர் ஒருத்தர்தான் மேகலாவை ஒன்றும் கேட்கவில்லை. அவள் சாப்பிடாத இட்லியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, "டாக்டரு வந்து கேட்டா நீ துன்னன்னு சொல்றேன், நா துன்னன்னு நீ சொல்லாத" என்பார். மேகலாவின் உதடு லேசாக அசையும். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்த நல்ல மருந்துகளில் அது ஒன்று.

இதயத்து டாக்டர் கை கழுவிய பிறகு, மனநல டாக்டர் ஒருவர் வந்தார். வயதான அம்மா. வாரத்தில் சில நாள்தான் அங்கே வருவார். படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு மேகலாவோடு ரொம்ப நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்த ஆஸ்பத்திரியில் எங்களை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர். பெண்ணுக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்றார். "மனசு சரியில்லன்னு நாம சாதாரணமா சொல்றோமே, அது இல்லீங்க இது. டைஃபாய்டு மாதிரி இதுவும் ஒரு வியாதி. கூடவே பதற்றமும் இருக்கு. திருடன் வராமலே நாய் குலைக்குது பாருங்க, அந்த மாதிரி. நாய்க்கு அது பொய் இல்ல. அது நிஜமாத்தான் குலைக்குது." மாத்திரை கொடுப்பதாகவும், அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றும், அதுவரைக்கும் அவள் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். "பேச ஆரம்பிச்சிருக்கா. அத மட்டும் யாரும் நிறுத்திடாதீங்க."

நிறுத்திவிட்டார்கள். ஒரே ஒரு வார்த்தையால் நிறுத்தினார்கள்.

நடந்தது இதுதான். இதையெல்லாம் இதற்கு முன்னால் யாரிடமாவது சொன்னாயா என்று டாக்டரம்மா மேகலாவைக் கேட்டிருக்கிறார். "ஆன்லைன்ல சொன்னேன்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். திரைக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவின் காதில் விழுந்தது பாதி. ஆயா நல்ல மனதோடுதான் சரோஜாவிடம் வந்து சொன்னாள்: "உம் பொண்ணு யாரோடயோ லைன்ல கீதும்மா. அதான் இப்டி ஆயிட்ச்சி."

மெட்ராஸில் லைன் என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். பெண்கள் காலேஜ் வாசலில் பையன்கள் சைக்கிளில் சுற்றி வந்து போடுவதுதான் லைன். ஆன்லைன் என்ற வார்த்தையை அன்று வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டரைப் போன் கம்பியில் இணைத்தால் அதன் வழியாகக் கடிதம் போகும் என்பதும், மனது சரியில்லாத பிள்ளைகள் எழுதினால் பதில் எழுதுவதற்கென்று எங்கேயோ ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

சரோஜா தன் தம்பிக்குப் போன் போட்டாள். தணிகாசலம் வடபழனியில் இருக்கிறான். ஷூட்டிங்கில் லைட் பிடிக்கிற வேலை. நல்லவன்தான். மேகலா பிறந்தபோது மோதிரம் போட்டவன். ஆனால் அவனுக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் அவன் லைட் அடித்த கதைகள்தான். பெண் சோறு தின்னாமல் படுத்தால் ஒரு பையன் இருந்தாக வேண்டும்.

அவன் மேகலாவின் தோழிகளிடம் விசாரித்து, அவள் போகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்து. ஜெராக்ஸும் உண்டு, உள்ளே இன்டர்நெட் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றும் உண்டு. அங்கே போய், எங்கள் வீட்டுப் பெண் எவனோடு பேசுகிறாள் என்று கத்தியிருக்கிறான். அது கடிதம் எழுதுகிற இடம், யாருக்கு எழுதுகிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை என்று பூத்தை நடத்துகிற மாமி சொல்லியிருக்கிறார். கடிதமா, அப்படியென்றால் காதல் கடிதம்தான் என்று முடிவு செய்துகொண்டு, பார்வை நேரத்தில் வார்டுக்குள் வந்து நின்றான்.

"எவன் அவன்? பேரச் சொல்லு மேகலா. மாமன் கையில சொல்லு."

"மாமா, அது லவ்வு இல்ல. ஆன்லைன்."

"அதான் கேக்குறேன். லைன்ல இருக்கிறது எவன்?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேரியக்கா கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினார். "தோ பாரு நைனா. நாங்கூடத்தான் ரேஷன் கடை லைன்ல நின்னு நின்னு காலு பூட்ச்சி. எவன்னு என்னியும் கேளேன்." நாலைந்து பேர் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, அவன் எங்கே இருந்தாலும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

மேகலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. டாக்டரம்மா வந்தபோதும் திரும்பவில்லை. மாத்திரையைக் கையில் வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தாள். மேரியக்காவின் இட்லி ஜோக்குக்கும் உதடு அசையவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம் கோபமாகவே கேட்டார், யார் என்ன சொன்னது என்று. நான் சொன்னேன். அவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "அவ சாகணும்னு நினைக்கிற பொண்ணு இல்லீங்க. ஆனா காலையில கண்ணு முழிக்காம இருந்தா நல்லா இருக்கும்னு நினைக்கிற பொண்ணு. எங்கிட்ட அப்படித்தான் சொன்னா. இந்த நிலைமையில வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

நான் அன்றைக்கு யார் யார்மேல் கோபப்பட்டேன் என்று கணக்கே இல்லை. தணிகாசலத்தின்மேல், ஆயாவின்மேல், இதயத்து டாக்டர்மேல். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முகம் தெரியாத அந்தக் கம்ப்யூட்டர் ஆள்மேல்தான் எல்லாரையும்விட அதிகக் கோபம். நான் பெற்ற பெண் கண் முழிக்க வேண்டாம் என்று நினைக்கிறாள். அதைக் கேட்க உனக்கு என்ன உரிமை? எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரியலாம்?

மறுநாள் காலையில் சரோஜாவுக்கு ஃபிளாஸ்கில் காபியை வாங்கிக் கொடுத்துவிட்டு, மருந்துச் சீட்டோடு கீழே போனேன். வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி மூன்றை அமுக்கினேன். கதவு திறந்தது. எதிரே அவர்கள் நின்றிருந்தார்கள். தணிகாசலம் கையில் துணிப்பை. சரோஜா கையில் ஃபிளாஸ்க். நடுவில் மேகலா, நைட்டிமேல் துப்பட்டா போட்டு, செருப்புக்கூட இல்லாமல்.

"நல்ல வேள, நீயே வந்துட்ட மாமா" என்றான் தணிகாசலம். "வீட்டுக்குப் போயிடலாம். இங்க இருந்தா பேரு நாறிப்பூடும். எங்க வீட்டுக்காரியோட அண்ணம் பையன் ஒருத்தன் கீறான், தங்கமான புள்ள. வடபழனி கோயில்ல வெச்சி சிம்பிளா முடிச்சிட்டா எல்லாம் சரியாப் பூடும். கையெழுத்து கிய்யெழுத்து எல்லாம் கீழ நா பாத்துக்கறேன். கீழ அமுக்கு."

சரோஜா என் முகத்தைப் பார்க்கவில்லை. இரவெல்லாம் அழுத கண். பயத்தில் தம்பி சொன்னதற்கு அவள் தலையாட்டியிருக்கிறாள் என்று தெரிந்தது.

நான் லிஃப்டுக்குள்ளே நின்றிருந்தேன். என் ஒரு கை கதவில், இன்னொரு கை பொத்தானில். இருபது வருஷமாக நான் நிற்கிற மாதிரியே நின்றிருந்தேன். அந்த இடத்தில் மட்டும் எனக்கு நாக்கு ஒட்டாது.

"இது கீழ போகாது" என்றேன்.

"இன்னா மாமா, வெளாட்றியா? கிரவுண்ட் ஃபுளோர் அமுக்கு."

"மேல போகுது. மேகலா மட்டும் ஏறும்மா. மத்தவங்க அடுத்ததுல வாங்க."

கடையில் கூட்டத்தைப் பார்த்து ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. எவ்வளவு பெரிய ஆளானாலும் அதற்குப் பின்வாங்கி நிற்பார்கள். தணிகாசலமும் நின்றுவிட்டான். மேகலா உள்ளே வந்தாள். சரோஜா ஒரு எட்டு முன்னால் வந்து, ஃபிளாஸ்கை அவள் கையில் திணித்துவிட்டு, தம்பியின் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டாள். நான் கதவை மூடினேன்.

மொட்டை மாடியில் ஆஸ்பத்திரிப் போர்வைகளைக் காயப்போட்டிருந்தார்கள். போர்வைகளுக்கு நடுவே தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். காபியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாததும் சில நேரம் உதவும்.

"நா யாரையும் லவ் பண்ணலப்பா" என்றாள்.

"தெரியும்."

"யாருன்னே தெரியாது. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. காலேஜ் நோட்டீஸ் போர்டுல போட்டிருந்துச்சி, மனசு சரியில்லன்னா எழுதுங்கன்னு. எழுதுனேன். தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சி. அவங்களும் அப்டியே எழுதுவாங்க."

"இன்னா எழுதுன?"

"காலையில எழுந்திரிக்க முடியல, காரணம் ஒண்ணும் தெரியலன்னு."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

அவள் காபி மூடியைத் தரையில் வைத்தாள்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லல" என்றாள். "அவங்க ஒருத்தங்கதாம்பா சொல்லல."

அந்த முகம் தெரியாத ஆள்மேல் வைத்திருந்த கோபம் எல்லாம் இடம் மாறி, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசியவர்கள்மேல் போய் உட்கார்ந்தது. இவ்வளவு பெரிய ஊர். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். இத்தனை சொந்தம், டாக்டர், வாத்தியார். ஒரு பெண் தனக்கு என்னவோ செய்கிறது என்று சொன்னால் "அப்படியா" என்று கேட்க ஒருத்தர் வேண்டும். அதற்கு அவள் போன் கம்பிக்குள் புகுந்து, எங்கேயோ இருக்கிற யாரிடமோ போக வேண்டியிருந்தது.

அப்புறம்தான் அவள் மனதை அரித்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். டாக்டரைப் பார், வீட்டில் சொல், சொல்லிவிட்டு எங்களுக்கு எழுது என்று அவர்கள் கேட்டிருந்தார்களாம். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்த வாரம்தான் விழுந்தாள். "நாள் ஆயிட்ச்சி. நா செத்துட்டேன்னு நெனச்சிக்கினு இருப்பாங்கப்பா. பாவம்."

கண் முழிக்க வேண்டாம் என்று நினைக்கிற பெண், தான் செத்துவிட்டதாக நினைத்து யாரோ வருத்தப்படுவார்களே என்று கவலைப்பட்டாள். அந்தக் கவலைதான் அவளைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. டாக்டரம்மாவும் பிறகு அதையேதான் சொன்னார்.

"நா போய் எழுதுறேன்" என்றேன். "உயிரோட இருக்கன்னு சொல்றேன்."

"என் பாஸ்வேர்டு கேக்காதீங்க."

"கேக்கல. நீ எழுதுனத நா படிக்க மாட்டேன். விலாசம் மட்டும் சொல்லு."

மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தாள். கீழே வந்து மாத்திரையும் போட்டுக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தின் முன்னால் போய் நின்றேன். வாழ்க்கையில் அவனிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "வாழவே புடிக்கலன்னு அவ யார்கிட்டயோ சொல்லிக்கினு இருந்திருக்கா. அது உங்காதுல லவ்வுன்னு விழுந்துருக்கு தணிகா. கல்யாணம் கில்யாணம்னு இன்னொரு வாட்டி அவ முன்னால பேசுன, உன்ன இந்த லிஃப்டுல ஏத்த மாட்டேன்." அவன் எழுந்து படியிலேயே இறங்கிப் போனான். ரெண்டு நாள் வரவில்லை. வந்தபோது வடபழனியிலிருந்து அவள் சின்ன வயதில் விரும்பித் தின்ற தேங்காய் பன் வாங்கி வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் படுக்கை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றான். அதை மன்னிப்பு என்று சரோஜா சொல்கிறாள். எனக்கு அது பன்.

அன்று சாயங்காலமே மயிலாப்பூர் பூத்துக்குப் போனேன். மாமி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்க மச்சினர் வந்து கத்தினது பத்தலையா? நாங்க கௌரவமா தொழில் பண்ணிண்டிருக்கோம்" என்றார். எனக்குப் பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. சீட்டை மட்டும் நீட்டினேன். மேகலா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இந்த விலாசத்துக்கு ஒரு சேதி போக வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

மாமியின் முகம் மாறியது. "ஐயோ, அந்தக் குழந்தையா? நீளப் பின்னல் போட்டுண்டு வருமே. ஆத்துக்குப் போகாம ஓரமா உக்காந்துண்டே இருக்கும். உக்காருங்கோ." தன் கணக்கிலிருந்தே அனுப்பலாம் என்றார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, "லைன் கிடைக்கணும். சாயங்காலத்துல லைன் கிடைக்கறது குதிரக்கொம்பு" என்றார்.

லைன். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் அதன் சரியான இடத்தில் கேட்டேன்.

பெட்டி கீச்சென்று கத்தியது, இரைந்தது, அடங்கியது. இல்லை என்றார் மாமி. மறுபடி கத்தியது. இல்லை. வெளியே கோயில் மணி அடித்தது, ஜெராக்ஸ் எடுக்க யார் யாரோ வந்து போனார்கள். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை சாயங்காலம் என் பெண் இதே நாற்காலியில், இதே கீச்சுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் மாமி கையைத் தட்டினார். "கிடைச்சுடுத்து. சொல்லுங்கோ சீக்கிரம்."

சொன்னேன். மேகலா உயிரோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வீட்டில் சொல்லிவிட்டாள். மாத்திரை சாப்பிடுகிறாள். உடம்பு தேறியதும் அவளே எழுதுவாள். நீங்கள் பயப்பட வேண்டாம். இப்படிக்கு மேகலா அப்பா. மாமி இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவே அடித்தார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போனேன். பதில் வந்திருந்தது. மாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். ரொம்ப நன்றி, சேதி சொன்னதற்கு. நாங்கள் பயந்துதான் போனோம். மேகலாவிடம் சொல்லுங்கள், அவசரமில்லை, முடிந்தபோது எழுதட்டும், எப்போது எழுதினாலும் படிக்க ஆள் இருக்கும். அவளை நம்பியதற்கு உங்களுக்கும் நன்றி.

அங்கே மாமி நிறுத்தினார். "இன்னும் ஒரு வரி இருக்கு. உங்களுக்குத்தான்."

"எனக்கா?"

"'அப்பா, நீங்க எப்படி இருக்கீங்க?'ன்னு கேட்டிருக்கா."

இத்தனை நாளில் அதை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு ஒரே பதில்தான் தெரியும். வாய் தானாகவே திறந்தது. "ஒண்ணு" என்று ஆரம்பித்துவிட்டேன். பாதியில் நிறுத்தினேன்.

மாமி கை பொத்தான்மேல் இருந்தது. "என்ன போடட்டும்? லைன் போயிடும், சொல்லுங்கோ."

"ரொம்பக் கோபமா இருக்கேன்னு போடுங்கம்மா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே அடித்தார்.